கடைசி வண்டியும் முதல் வண்டியும்

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து போகிறவர்களைப் பற்றிச் சங்கீத விமர்சகர்கள் நிறையத் திட்டி எழுதியிருக்கிறார்கள். மிருதங்க வித்துவானை அவமதிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சென்னையைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். அங்கே எழுந்து போகிறவர் பெரும்பாலும் கான்டீனுக்குப் போகிறார்.

மும்பையில் எழுந்து போகிறவர் அம்பர்நாத்துக்குப் போகிறார்.

இந்த வேறுபாடு இங்கே பிழைக்க வந்தவர்களுக்குத்தான் தெரியும். மும்பை ரசிகனுக்கு எப்போதும் இரண்டு தாளம். ஒன்றைத் தொடையில் போடுகிறான். இன்னொன்று மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேடையில் மங்களம் பாடும்போது அவன் மனதுக்குள் கணக்குப் போடுகிறான்: மாட்டுங்கா நிலையத்துக்கு நடை இத்தனை நிமிடம், மெதுவண்டி பிடித்தால் இத்தனை மணி, வீட்டில் கதவைத் தட்டும்போது இத்தனை மணி, காலையில் குழாயில் தண்ணீர் வருவது இத்தனை மணி.

நானும் ஐம்பது வருடமாக இந்தக் கணக்கைப் போட்டவன்தான். ஆனால் அதில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். நான் கடைசி வண்டியைப் பற்றியே கவலைப்பட்டேன். முதல் வண்டிக்காகக் காத்திருப்பவர்களை நினைக்கவில்லை. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தாழ்ந்த குரல்

நான் பம்பாய் வந்தது 1974-ல். கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. முதலில் மாட்டுங்காவில் ஒரு மெஸ். ஒரு அறையில் ஆறு பேர். பிறகு டோம்பிவிலியில் சித்தப்பா வீடு.

1966-ல் சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் கோபம் தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் மீது இருந்தது. டைப்ரைட்டர் வேலைகளை எல்லாம் மதராசிகள் பிடித்துக்கொண்டார்கள் என்பது புகார். நான் வந்த காலத்தில் அந்தச் சூடு ஓரளவு ஆறியிருந்தது. ஆனாலும் மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "லோக்கல் வண்டியில் தமிழில் சத்தமாகப் பேசாதே." நாங்கள் பேசவில்லை. ஊர்க் கடிதத்தைக்கூட மடியில் மறைத்து வைத்துத்தான் படித்தோம்.

குரலை உயர்த்த ஓர் இடம் வேண்டுமே! அதற்குத்தான் சனி, ஞாயிறுகளில் கச்சேரி, நாடகம், பட்டிமன்றம் எல்லாம்.

சண்முகானந்தா சங்கீத சபை 1952-ல் உருவானது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அதன் பெரிய அரங்கம் 1963-ல் திறக்கப்பட்டது. மேல் மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் மேடையில் இருப்பவர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். அதனால் என்ன? சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் தமிழில் சிரித்தார்கள். சென்னையிலிருந்து வந்த நாடகக்காரர் ஒரு ஜோக் அடித்தால், பக்கத்து இருக்கைக்காரருக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்தச் சுகத்துக்காகவே நாங்கள் பாதி வாரம் பகல் சாப்பாட்டைச் சுருக்கியிருக்கிறோம்.

1990-ல் அந்த அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. மீண்டும் திறக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 1998-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். இப்போது 2,763 இருக்கைகள். இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கூட மண்டபங்களிலும் சிறிய அரங்குகளிலும் ஒண்டிக்கொண்டுதான் கச்சேரி கேட்டோம். வீடு எரிந்துபோய், உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கியது போல இருந்தது.

அரங்கத்துக்கு வெளியேயும் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. முலுண்டு, செம்பூர், சயான் கோலிவாடா, தாராவி என்று நம்மவர்கள் இருந்த இடமெல்லாம் பந்தல் போட்டு மேடை கட்டினார்கள். அப்படி ஓர் இரவில்தான் நான் கடைசி வண்டியைத் தவறவிட்டேன்.

மைக் செட்காரர்

அது 1976. முலுண்டில் ஒரு மைதானத்தில் மெல்லிசை நிகழ்ச்சி. நேயர் விருப்பம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள். நான் எழுதிக் கொடுத்த சீட்டு கடைசியில்தான் வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு ஓடினேன். பாலத்தில் ஏறும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. அதுதான் அன்றைய கடைசி லோக்கல்.

பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் இன்னொருவர் வந்தார். கையில் ஒரு பெட்டி. அதைத் தரையில் வைத்து, துண்டை விரித்து, அதன் மேல் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். பெட்டிக்குள் ஆம்ப்ளிபயர். நிகழ்ச்சிக்கு மைக் செட் போட்டவர் அவர்தான். குழாய் ஸ்பீக்கர்களையும் ஒயர்களையும் பந்தல்காரரிடம் விட்டுவிட்டு, விலை உயர்ந்த பெட்டியை மட்டும் கூடவே கொண்டு வந்திருந்தார். தாராவியில் குடியிருப்பு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"என்ன தம்பி, வண்டி போயிட்டா?" என்றார்.

"ஆமாம் அண்ணாச்சி. கடைசிப் பாட்டைக் கேட்டுட்டு வரலாம்னு நின்னுட்டேன். நல்லாப் பாடினாங்க, இல்ல?"

அவர் சிரித்தார். "பாட்டை யாரு கேட்டா? மைக்கு கூவுதா கூவலையான்னு கேக்கவே எனக்கு நேரம் சரியாப் போச்சு. இருபது வருசமா எத்தனையோ கச்சேரிக்குப் போட்டாச்சு தம்பி. ஒரு பாட்டும் முழுசா மனசுல நிக்கல."

அன்றிரவு அவர் எனக்கு ஒரு பாடமே நடத்தினார். மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் இடைவெளி குறைந்தால் மைக் ஏன் கூவுகிறது, தலைவர்கள் மைக்கைத் தட்டிப் பார்ப்பதால் என்ன கெடுகிறது, மழை வந்தால் முதலில் எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நாலு மணிக்கு மேல் முதல் வண்டி வந்தது. அவர் தாதர் பக்கம் போகும் வண்டியில் சரக்குப் பெட்டியில் ஏறினார். கூடைக்காரர்களுக்கு நடுவே, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் எதிர்ப்பக்கம் டோம்பிவிலி வண்டியில் ஏறினேன்.

என்னைப் பொறுத்தவரை அது வேடிக்கையான ஓர் இரவு. ஆபீசில் ஒரு வாரம் அதைக் கதையாகச் சொன்னேன். அவருக்கு அது வாரத்தில் இரண்டு, மூன்று தடவை வரும் இரவு. அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் குற்றம்

பதினொரு வருடம் கழித்து, 1987-ல், எங்கள் பகுதித் தமிழ் அமைப்பில் நான் பொருளாளர். பொங்கலுக்கு நிகழ்ச்சி. மைக் செட்டுக்கு வந்தவர் அதே அண்ணாச்சி. நான் பார்த்ததும் கண்டுகொண்டேன். அவரும் கண்டுகொண்டார். 1976-ல் "தம்பி" என்றவர் 1987-ல் "சார்" என்றார்.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. தலைவருக்குப் பொன்னாடை, பாடகருக்குப் பணமுடிப்பு, விருந்தினர்களுக்குச் சாப்பாடு எல்லாம் முறைப்படி நடந்தன. மலருக்கு விளம்பரம் தருவதாகச் சொன்ன ஒருவர் பணம் தரவில்லை. கையில் இருப்புக் குறைந்தது. யாருக்குப் பாக்கி வைப்பது என்று கமிட்டி யோசித்தது. எங்களுக்கு உடனே விடை கிடைத்துவிட்டது. மைக் செட்காரருக்குத்தான்!

ரூ.250 பாக்கி. அதை வாங்க அவர் தாராவியிலிருந்து டோம்பிவிலிக்கு மூன்று தடவை வந்தார். முதல் தடவை நான் வீட்டில் இல்லை. இரண்டாம் தடவை "அடுத்த வாரம்" என்றேன். மூன்றாம் தடவை கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகும்போது, "தெரிஞ்ச முகமாப் போச்சு சார், அழுத்திக் கேக்கக் கூசிச்சு" என்றார்.

அவர் வந்துபோன ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை கெட்டது. மூன்று நாள் கூலியை இழந்து அவர் தம் சொந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். பிளாட்பாரத்தில் என்னோடு ஓர் இரவு விழித்திருந்தவருக்கு நான் செய்த மரியாதை இது. கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆடிட்டர் கையெழுத்தும் போட்டார்.

இரண்டரை ஆயிரம் டிக்கெட்

இதெல்லாம் பழைய கதை, இப்போது ஏன் என்று கேட்பீர்கள்.

2024 செப்டம்பர் 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. என் மகள் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலாந்தின் கோல்ட்பிளே இசைக் குழு நவி மும்பைக்கு வருகிறது. அதற்கு டிக்கெட் விற்பனை. ரூ.2,500-ல் தொடங்கி ரூ.35,000 வரை விலை. கம்ப்யூட்டர் வரிசையில் பேரன் எத்தனையாவது ஆள் என்று கேட்டேன். லட்சக்கணக்கில் ஓர் எண் சொன்னான். ரேஷன் கடை வரிசையில் நின்றவன் நான். ஆனாலும் அந்த எண்ணைக் கேட்டு அசந்துபோனேன். கள்ளச் சந்தையில் டிக்கெட் லட்ச ரூபாயைத் தாண்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. முதலில் இரண்டு நாள் என்று அறிவித்த நிகழ்ச்சி, 2025 ஜனவரி 18, 19, 21 என மூன்று நாளாயிற்று.

அடுத்து ஆமதாபாத்தில் அதே குழுவின் நிகழ்ச்சி. அதற்காக மும்பையிலிருந்து ஆமதாபாத்துக்கு மேற்கு ரெயில்வே சிறப்பு ரெயில்கள் விட்டது. அந்த நிகழ்ச்சிகள் முடிந்த சில நாட்களில் பிரதமர் மோடி புவனேசுவரத்தில் பேசும்போது, இசை நிகழ்ச்சிகளால் பொருளாதாரம் வளரும், மாநிலங்கள் இதில் கவனம் செலுத்த வேண்டும் என்றார்.

நல்ல பேச்சுதான். கச்சேரி நடந்தால் பூக்காரருக்கும் பிழைப்பு, டீக்கடைக்காரருக்கும் பிழைப்பு, ஆட்டோக்காரருக்கும் பிழைப்பு. இது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பொருளாதாரம் எந்த வண்டியில் வீட்டுக்குப் போகிறது?

மேடைக்கு முதுகு

எங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்ப் பையன் இருக்கிறான். விழுப்புரம் பக்கம். பகலில் ஒரு கூரியர் கிடங்கில் வேலை. நிகழ்ச்சி நாட்களில் ஒரு கான்டிராக்டர் மூலம் பாதுகாப்பு வேலைக்குப் போவான். அந்தக் குளிர்காலத்தில் நவி மும்பையில் ஒரு பெரிய நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்தான். மறுநாள் மாலை படிக்கட்டில் பார்த்தேன்.

"நிகழ்ச்சி எப்படிப்பா இருந்தது?"

"தெரியல தாத்தா. நாங்க ஜனங்களைப் பார்த்துத்தான் நிக்கணும். திரும்பி மேடையைப் பார்த்தா சம்பளத்துல பிடிப்பாங்க. நாலு மணி நேரமும் ஜனங்க முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு பாட்டுக்கு ஒரு அம்மா அழுதாங்க. என்ன பாட்டுன்னு எனக்குப் புரியல."

எனக்கு முலுண்டு பிளாட்பாரம் ஞாபகம் வந்தது. மைக் கூவுகிறதா என்று மட்டும் கேட்ட காது அது. கூட்டத்தின் முகத்தை மட்டும் பார்த்த கண் இது.

"எப்படி வீட்டுக்கு வந்தே?"

"நிகழ்ச்சி பத்து மணிக்கே முடிஞ்சிடுச்சு. ஆனா தடுப்புக் கம்பியெல்லாம் எடுத்து முடிக்க ஒன்றரை ஆயிடுச்சு. ஸ்டேஷன் வாசல்ல உட்கார்ந்திருந்தோம், இருபது பேர். முதல் வண்டி பிடிச்சு தானா வந்து, மாறி, டோம்பிவிலி வந்தேன். குளிச்சிட்டு நேரா கிடங்குக்குப் போயிட்டேன்."

இதில் ஒரு சட்ட விஷயம் கவனிக்க வேண்டியது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக வருடத்தில் சில நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு விதிவிலக்குத் தரலாம். இதனால் ரசிகர்களுக்கு நன்மை. அவர்களில் பெரும்பாலோருக்கு லோக்கல் கிடைத்துவிடுகிறது. ஆனால் மேடையைப் பிரிப்பவர், ஒயர் சுருட்டுபவர், குப்பை கூட்டுபவர், தடுப்புக் கம்பி தூக்குபவர் ஆகியோரின் வேலை பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. பாட்டுக்கு நேரம் குறித்த சட்டம், பாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வண்டி குறிக்கவில்லை.

மூன்று மணி நேரம்

மும்பை புறநகர் ரெயில்களில் நாள்தோறும் 70 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். நள்ளிரவு ஏறத்தாழ 1 மணி முதல் 4 மணி வரை வண்டிகள் ஓய்வெடுக்கின்றன. அந்த நேரத்தில்தான் தண்டவாளம், மேலே செல்லும் மின்கம்பி ஆகியவற்றைப் பழுது பார்க்கிறார்கள். அந்த ஓய்வு தேவை. அதைக் குறை சொல்ல மாட்டேன். பராமரிப்பு இல்லாத பாதையில் ஓடும் வண்டி யாருக்கும் நல்லதல்ல.

இரவு முழுவதும் கடைகள் திறந்திருக்கலாம் என்று மராட்டிய அமைச்சரவை 2020 ஜனவரியில் முடிவு செய்தது. மும்பை தூங்காத நகரம் என்று பெருமையாகப் பேசினார்கள். தூங்காத நகரத்தில் பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் வீடு திரும்புவது எப்படி என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. இப்போதும் நிற்கிறது.

வழியே இல்லையா? இருக்கிறது. கணபதி விசர்ஜன இரவில் விடியவிடிய சிறப்பு லோக்கல்கள் ஓடுகின்றன. பஸ்களும் ஓடுகின்றன. டிசம்பர் 31 இரவும் அப்படியே. நகரம் மனது வைத்தால் முடியும் என்பதற்கு இவையே சாட்சி.

தினமும் ரெயில் வேண்டும் என்று கேட்கவில்லை. ஐம்பதாயிரம் பேர் கூடும் நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும்போது, வேலை செய்பவர்களுக்கு ஊர்தி ஏற்பாடு உண்டா என்று ஒரு கேள்வியை அந்த விண்ணப்பத்தில் சேர்க்கலாம். தீயணைப்பு வண்டி உண்டா, ஆம்புலன்சு உண்டா என்று கேட்கிறார்கள் அல்லவா? அதோடு இதையும் கேட்கட்டும். தானா, கல்யாண், பன்வேல் பக்கம் நாலு பஸ் போதும். ரூ.35,000 டிக்கெட்டில் அது பெரிய பாரமல்ல.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தூங்காத உடம்போடு காலை லோக்கலில் ஏறுவது விளையாட்டல்ல. 2025 ஜூன் 9-ந் தேதி காலை, எங்கள் பாதையில், மும்ப்ரா அருகே நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எதிரெதிரே சென்ற இரண்டு நெரிசல் வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தார்கள். அன்று இறந்தவர்கள் 4 பேர். புதிய லோக்கல் வண்டிகளுக்குத் தானாக மூடும் கதவுகள் வைப்பதாக ரெயில்வே அதன்பிறகு அறிவித்தது. கதவு வரட்டும். ஆனால் கம்பியைப் பிடித்திருக்கும் கை இரவெல்லாம் விழித்த கையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை, அந்த வளைவை நாள்தோறும் கடந்தவன் என்ற முறையில் நான் அறிவேன்.

பஸ்ஸிலாவது போகலாம் என்றால், அதிலும் செலவு ஏறிவிட்டது. 2019-ல் 'பெஸ்ட்' பஸ்ஸின் குறைந்த கட்டணத்தை ரூ.8-லிருந்து ரூ.5 ஆகக் குறைத்தார்கள். 2025 மே மாதம் அது ரூ.10 ஆயிற்று. குளிர்சாதன பஸ்ஸில் ரூ.6 இருந்தது ரூ.12. நான் கச்சேரிக்குப் போன சிவப்பு மாடி பஸ், 2023 செப்டம்பர் 15-ந் தேதியோடு கடைசி ஓட்டத்தை முடித்துக்கொண்டது. மாடி பஸ் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதற்காகக் கண்ணீர் விட்டவர்களில் பாதிப் பேராவது இரவு பஸ்ஸுக்காக ஒரு மனு எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம் வீட்டுக் கணக்கு

அரசாங்கத்துக்குச் சொன்னது போதும். நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது.

நம் சங்கங்களும் சபைகளும் மன்றங்களும் இன்றும் மேடை போடுகின்றன. தாராவி 90 அடி சாலையில் நம் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் காட்சியைப் பார்க்க வேற்று மொழிக்காரர்களும் வருகிறார்கள். பெருமையான விஷயம். ஆனால் ஆறு மணி என்று அச்சடித்த நிகழ்ச்சியை நாம் எப்போது தொடங்குகிறோம்? ஏழே காலுக்கு. பிரமுகர் வரவில்லை என்று காத்திருக்கிறோம். அவர் காரில் வந்து காரில் போகிறவர். அவருக்காக நாம் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பதலாப்பூர்காரரின் தூக்கத்திலிருந்து எடுத்ததுதான்.

எங்கள் அமைப்பில் இப்போது மூன்று வழக்கங்கள் வைத்திருக்கிறோம். குறித்த நேரத்தில் தொடங்குவது. நாற்காலி காலியாக இருந்தாலும் சரி. மைக் செட், பந்தல், மின்விளக்கு ஆட்களுக்கு விருந்தினர்களோடு சேர்த்தே இலை போடுவது. மூன்றாவது, நன்றியுரைக்கு முன்பே அவர்களுடைய கூலியைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவது. இந்த மூன்றாவது வழக்கத்தைக் கமிட்டியில் நான் கொண்டுவந்தபோது, "இது எதற்கு இவ்வளவு பிடிவாதம்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். ரூ.250 கதையைச் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அண்ணாச்சி இப்போது இல்லை. நான் விசாரித்துப் போனபோது அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்க நான் எடுத்துக்கொண்ட காலம், அவர் பணம் வாங்க எடுத்துக்கொண்ட காலத்தைவிட மிக அதிகம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஏதாவது நிகழ்ச்சிக்குப் போனால், பாட்டு மும்முரமாக இருக்கும்போது ஒரு நிமிடம் மேடையை விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். மேடைக்கு முதுகு காட்டி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நம் ஊர்க்காரராகக்கூட இருக்கலாம். வெளியே வரும்போது அவரிடம், "எந்த ஊர்ப்பா? எப்படி வீட்டுக்குப் போவே?" என்று கேளுங்கள். உங்கள் கடைசி வண்டிக்கு அதனால் தாமதம் ஆகிவிடாது.